பொன்னடையா, பொன்னாடையா? இணையப் போலிகளை மென்பொருள் தேடும் விதம்

மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் தேனுக்கு ‘பொன்னடை’ என்று பெயர். நான் சும்மா வைத்த பெயர்தான். அப்படி ஒரு கடை எங்காவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காலையில் நாசிக்கிலிருந்து யாரோ ஃபோன் செய்து, “உங்கள் தேன் வெறும் சர்க்கரைப் பாகு, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்கிறார். அண்ணாச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாசிக்குக்கு அவர் இதுவரை ஒரு பாட்டில்கூட அனுப்பியதில்லை.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் மருமகன் சனிக்கிழமை வந்தபோது ஃபோனில் தேடிக் காட்டுகிறான். ஒரு விற்பனைத் தளத்தில் அதே பெயர், அதே லேபிள், விலை மட்டும் பாதி. அண்ணாச்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எலே மக்கா, இது நம்ம பெஞ்சுல்லா!” என்கிறார். பாட்டிலுக்குக் கீழே தெரிவது அவர் கடை வாசலில் கிடக்கும் பலாமர பெஞ்ச். ஓரத்து வெடிப்புகூட அப்படியே இருக்கிறது. யாரோ அவர் எடுத்த படத்தைத் தூக்கிப் போட்டு, அவர் பெயரில் வேறு எதையோ விற்கிறார்கள்.

அந்த பெஞ்சை அண்ணாச்சி ஒரே பார்வையில் கண்டுகொண்டார். ஆனால் அது அவர் கண்ணில் படுவதற்கு நாசிக்கில் ஒருவர் ஏமாற வேண்டியிருந்தது. யாரும் ஏமாறுமுன் அந்தப் படத்தை அண்ணாச்சியின் கண்முன் கொண்டுவந்து வைப்பதுதான் இந்த வகை மென்பொருள்களின் வேலை.

ஏதோ ஒரு கருவி பாட்டிலை மோப்பம் பிடித்து ‘இது அசல், இது போலி’ என்று தீர்ப்புச் சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. உள்ளே இருப்பது தேனா பாகா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதற்குக் கிடைப்பதெல்லாம் பக்கத்தில் இருக்கும் எழுத்து, படம், விலை, விற்பவர் விவரம், வாங்கியவர்கள் எழுதிய கருத்து. லட்சக்கணக்கான பக்கங்களைப் புரட்டி, அண்ணாச்சி பார்க்க வேண்டிய நாற்பதை மட்டும் எடுத்து மேசையில் வைக்கும். அந்த நாற்பதில் நம்ம பெஞ்ச் எது என்று சொல்ல அண்ணாச்சிதான் வேண்டும்.

முதலில் காகிதம்

மென்பொருள் பக்கம் போகுமுன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: அந்தப் பெயர் உங்களுடையது என்பதற்கு என்ன சான்று? ‘நாங்கள் முப்பது வருஷமாக இந்தப் பெயரில்தான் விற்கிறோம்’ என்றால் மார்த்தாண்டம் சந்தையில் எல்லோரும் தலையாட்டுவார்கள். பெங்களூரில் உட்கார்ந்து தினமும் நூற்றுக்கணக்கான புகார்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் தள ஊழியர் ஆட்டமாட்டார். அவர் கேட்பது வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவு எண்.

வணிகக்குறிச் சட்டம் 1999இன் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். பொருள்களும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தேன் 30ஆம் வகுப்பில் வரும். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. நம் பக்கத்து விண்ணப்பங்களைப் பார்ப்பது சென்னை கிண்டியில் இருக்கும் அலுவலகம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வணிகக்குறி இதழில் வெளியாகும். எதிர்ப்பு இருப்பவர்கள் சொல்ல நான்கு மாதம் அவகாசம். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவான குறியைப் போலியாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று சட்டத்தின் 103ஆம் பிரிவு சொல்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மட்டி வாழைக்கும் மயிலாடிக் கல் சிற்பத்துக்கும் அதே ஆண்டுதான். நாகர்கோவில் கோயில் நகைக்கும் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் முன்பே இருக்கிறது. புவிசார் குறியீடு என்பது ஊருக்குச் சொத்து; அந்த ஊரில் அந்த முறையில் செய்கிற எல்லோருக்கும் பொது. ‘பொன்னடை’ அண்ணாச்சிக்குச் சொத்து. அதனால் ‘மார்த்தாண்டம் தேன்’ என்று போட்டிருக்கும் பக்கத்தையெல்லாம் நீக்கச் சொல்லி அண்ணாச்சி மென்பொருளை ஏவிவிட்டால், அடிபடுவது அடுத்த தெருவில் நேர்மையாகப் பெட்டி வைத்துத் தேன் எடுக்கும் இன்னொருவர். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்பவர்களுக்கு இது இன்னும் சங்கடம். ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்பது இப்போது ஒரு பாணியின் பெயராகவே ஆகிவிட்டது. எந்திரத்தில் அச்சடித்து வருவதையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். அந்தச் சொல்லைத் தேடினால் வரும் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் போலி என்று சொல்லவே முடியாது. ‘நாகர்கோவில்’ என்றோ ‘வடசேரி’ என்றோ சேர்த்துப் போட்டுப் பொய் சொன்னால்தான் கேள்வி கேட்க முடியும்.

ஆகவே மென்பொருளிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம், எது நம்முடையது, எது ஊருடையது, எது யாருடையதும் இல்லை என்பது. இதைச் சரியாகச் சொல்லாமல் விட்டால் பின்னால் வரும் தொழில்நுட்பம் எதுவும் உதவாது.

பெயரைத் தேடுவது

தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் ஒரு சுற்று சுற்றிவந்து, இன்றைக்குப் பிச்சி என்ன விலை, எந்தக் கடையில் புதுச் சரக்கு என்று சொல்லும் ஆட்கள் உண்டு. மென்பொருளும் முதலில் அதைத்தான் செய்கிறது. விற்பனைத் தளங்கள், சமூக ஊடகப் பக்கங்கள், விளம்பரங்கள், தனி இணையதளங்கள் என்று குறித்த இடைவெளியில் சுற்றிவந்து, கண்டதைச் சேமித்துவைக்கும். இப்படிச் சுற்றும் நிரலுக்குக் ‘கிராலர்’ என்று பெயர். நேற்று இல்லாத பக்கம் இன்று வந்திருக்கிறதா என்பதில்தான் அதற்கு அதிக ஆர்வம்.

பெயரை அப்படியே போட்டால் பிடிப்பது எளிது. போலி விற்பவர்கள் அவ்வளவு வெள்ளந்திகள் இல்லை. ஓர் எழுத்தைக் கூட்டுவார்கள், ஒன்றைக் குறைப்பார்கள். அதற்காக ‘திருத்தத் தொலைவு’ என்ற கணக்கு இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் 1965இல் வெளியிட்டது. இன்றைக்கும் நம் ஃபோனில் எழுத்துப்பிழை திருத்துவதற்குப் பின்னால் இந்த யோசனைதான் இருக்கிறது. தொலைவு ஒன்று, இரண்டு என்று வந்தால் மென்பொருள் காதைத் தூக்கும்.

இங்கேதான் நம் அண்ணாச்சி மாட்டிக்கொள்கிறார். ‘பொன்னடை’க்கும் ‘பொன்னாடை’க்கும் தொலைவு ஒன்று, ஒரே ஒரு கால்தான். ஆங்கில எழுத்தில் எழுதினால் அந்தக் காலும் காணாமல்போய் இரண்டும் ஒன்றாகிவிடும். மென்பொருளை ஓடவிட்ட முதல் வாரம் அண்ணாச்சிக்கு வரும் பட்டியலில் முக்கால்வாசி, மேடையில் பிரமுகர்களுக்குப் போர்த்தும் சரிகைச் சால்வைகளாகத்தான் இருக்கும். ‘உணவுப் பொருள் பிரிவில் மட்டும் தேடு’ என்றோ, ‘தேன், ஹனி என்ற சொல் அதே பக்கத்தில் இருந்தால் மட்டும் காட்டு’ என்றோ சொல்லிக்கொடுத்த பிறகுதான் சால்வைகள் குறையும்.

தமிழ் எழுத்தில் இன்னும் சில கண்ணிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் செய்த மென்பொருள்கள் பல இவற்றைக் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘பொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ப-வோடு ஒற்றைக் குறியாக ‘ொ’, அல்லது ‘ெ’, ‘ா’ என்று இரண்டு தனிக் குறிகள். திரையில் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே எண்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தேடாத மென்பொருள், கண்ணெதிரே இருக்கும் ‘பொன்னடை’யைத் தவறவிடும். அடுத்தது தமிழ் எண்கள். ‘௧’ க மாதிரி இருக்கும், ‘௭’ எ மாதிரி, ‘௮’ அ மாதிரி, ‘௨’ உ மாதிரி. ‘அண்ணாச்சி’ என்ற பெயரை ‘௮ண்ணாச்சி’ என்று அடித்தால் வாடிக்கையாளர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது எட்டில் தொடங்கும் வேறு ஏதோ. ஆங்கிலத்திலும் இதே தந்திரம் உண்டு. ‘r’, ‘n’ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ‘m’ போலத் தெரியும். ரஷ்ய எழுத்தில் இருக்கும் ‘அ’ ஆங்கில ‘ஏ’யின் அச்சு. நல்ல மென்பொருள் இப்படிப்பட்ட இரட்டையர்களின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும்.

பிறகு ஒலி. எழுத்து தள்ளி இருந்தாலும் சொன்னால் ஒன்றுபோல் கேட்கும் பெயர்கள். நம் நீதிமன்றங்கள் இதை ரொம்ப நாளாகவே பார்த்துவருகின்றன. ‘அமிர்ததாரா’ என்ற மருந்துக்கும் ‘லட்சுமண்தாரா’ என்ற மருந்துக்கும் நடந்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம், பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கக்கூடாது, சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள வாங்குபவர் அதை முழுதாகக் கேட்கும்போது குழம்புவாரா என்று பார்க்க வேண்டும் என்றது. அந்த ‘அரைகுறை ஞாபக’த்தைக் கணக்காக மாற்ற முயல்வதுதான் பெயர் பொருத்தும் மென்பொருள் என்று எனக்குத் தோன்றும். போலியை அசலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குகிறவர் யாரும் இல்லையே.

படத்தைத் தேடுவது

பெயரே போடாமல் படத்தை மட்டும் வைத்து விற்பவர்களும் உண்டு. பாட்டில் லேபிளில் பெயர் தெரியும். பக்கத்தில் ‘சுத்தமான மலைத் தேன்’ என்று மட்டும் எழுதியிருக்கும். எழுத்தைத் தேடும் மென்பொருளுக்கு இது தட்டுப்படாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்கும் நிரலும், படத்தைப் படத்தோடு ஒப்பிடும் நிரலும் அங்கே வேண்டும்.

ஒப்பிடுவது எப்படி என்பது கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஆனால் எளிது. ஒரு பழைய முறையைச் சொல்கிறேன். முதலில் படத்தின் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். அப்புறம் அதைச் சுருக்கிச் சுருக்கி, அகலம் 9 புள்ளி, உயரம் 8 புள்ளி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அளவில் பாட்டிலும் தெரியாது, பெஞ்சும் தெரியாது. வெறும் சாம்பல் கட்டங்கள். இனி ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டத்தையும் அதற்கு அடுத்த கட்டத்தையும் பார்த்து, இடப்பக்கம் வெளிச்சம் கூடுதல் என்றால் 1, இல்லையென்றால் 0 என்று குறித்துக்கொள்ள வேண்டும். வரிக்கு எட்டு, எட்டு வரி, மொத்தம் 64 ஒன்று-சுழிகள். இதுதான் அந்தப் படத்தின் கைரேகை. இன்னொரு படத்தின் கைரேகையோடு வைத்துப் பார்த்து, எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ணினால் போதும். ஐந்தாறு இடம் மட்டும் மாறினால் பெரும்பாலும் அதே படம். யாரோ அளவைக் குறைத்திருக்கலாம், கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருக்கலாம், ஓரத்தில் ‘சலுகை’ என்று ஒட்டியிருக்கலாம். கைரேகை பெரிதாக மாறாது. கோடிக்கணக்கான படங்களையும் இப்படி வேகமாக ஒப்பிட்டுவிடலாம்.

படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் இந்த முறை ஏமாந்துவிடும். பாதியை வெட்டிவிட்டாலும் அப்படித்தான். அதற்காக இப்போது நரம்பு வலையமைப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், ஒவ்வொரு படத்தையும் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றும். அந்த எண்களை ஒரு பெரிய வரைபடத்தில் இடம் குறிப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஒரே பாட்டிலை வேறு கோணத்தில், வேறு மேசையில் வைத்து எடுத்த படங்கள் நாகர்கோவிலும் சுசீந்திரமும் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் விழும். ஷாம்பு பாட்டில் திருநெல்வேலியில் விழும். சரிகைச் சால்வை டெல்லிக்கே போய்விடும். லேபிளைக் கொஞ்சம் மாற்றி அச்சடித்த போலிகள் சுசீந்திரத்தை ஒட்டி விழுவதால்தான் அகப்படுகின்றன.

இந்த நிரலுக்குப் பாடம் எடுப்பது கடைக்காரர்தான். புது லேபிள், பழைய லேபிள், அரைக் கிலோ பாட்டில், ஒரு கிலோ பாட்டில், மூடி மாறிய வருஷம் எல்லாவற்றின் படத்தையும் தராவிட்டால், தன்னுடைய பழைய சரக்கையே அது சந்தேகப் பட்டியலில் சேர்க்கும்.

விலை, ஆள், கருத்து

பெயரும் படமும் பொருந்தினால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. மதுரையில் ஒரு கடைக்காரர் அண்ணாச்சியிடமே பத்துப் பெட்டி வாங்கி இணையத்தில் விற்கலாம். சட்டப்படி சந்தைக்கு வந்த சரக்கை மறுபடி விற்பது குற்றமில்லை. இவரைத் திருடனிடமிருந்து பிரித்துப் பார்க்கத்தான் மற்ற தடயங்கள்.

விலை முதல் தடயம். அண்ணாச்சி மொத்த விலைக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக ஒருவர் சில்லறையில் விற்றால், அவருக்கு எங்கிருந்து கட்டுப்படியாகிறது? அனுப்பும் ஊர், விற்பனையாளர் பதிவு செய்த நாள், ஜிஎஸ்டி எண், உணவுப் பொருள் என்றால் லேபிளில் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், எல்லாம் அடுத்தடுத்த தடயங்கள். உதாரணத்துக்கு, பெயர் பொருந்தினால் 20, படம் பொருந்தினால் 30, விலை பாதிக்கும் கீழ் என்றால் 25, புதுக் கணக்கு என்றால் 10 என்று மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை கூடியதை மேலே வைக்கும். ஒவ்வொரு நிறுவனமும் இந்த மதிப்பெண்களைத் தன் வழியில் வைத்துக்கொள்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, ஆட்களை முடிச்சுப் போடுவது. பத்துப் பெயரில் பத்துக் கடை. ஆனால் நான்கு கடைகள் ஒரே ஃபோன் எண்ணைக் கொடுத்திருக்கின்றன. அதில் இரண்டு கடைகளின் ரிட்டர்ன் முகவரி ஐந்தாவது கடையோடு ஒத்துப்போகிறது. ஐந்தாவது கடையின் படங்களில் தெரியும் தரை ஓடு ஆறாவதிலும் தெரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் பத்துச் சில்லறைத் திருடர்கள்; முடிச்சுப் போட்டால் ஒரே ஆள். ஒவ்வொரு பக்கமாக நீக்கிக்கொண்டிருப்பதைவிட அந்த ஆளைப் பிடிப்பது எவ்வளவோ மேல்.

வாங்கியவர்களின் கருத்தையும் மென்பொருள் படிக்கும். ‘போலி’, ‘ஏமாற்று’, ‘சீல் உடைந்திருந்தது’ போன்ற சொற்களைத் தேடும். தேன் விஷயத்தில் இது காலை வாரிவிடும். ‘உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்திருக்கிறது’ என்று பலர் எழுதுவார்கள். நல்ல தேனும் உறையும். ரப்பர் தோட்டத்துத் தேன் சீக்கிரமே உறையும். நம் பக்கத்தில் பெருவாரியாகக் கிடைப்பது ரப்பர் தேன்தான். ‘உறைந்தது’ என்பதைப் போலிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதே என்று மென்பொருளுக்குச் சொல்ல, தேன் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நோட்டீஸ் அனுப்புவது

பட்டியல் வந்ததும் அண்ணாச்சி பார்த்து, ‘இது போலி’ என்று டிக் செய்தால் மென்பொருள் அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பும். பதிவு எண், பக்கத்தின் முகவரி, எதனால் போலி என்ற விளக்கம், அசல் படம், போலிப் படம் எல்லாம் தானாகவே படிவத்தில் விழும். பெரிய தளங்கள் இதற்கென்று தனி வாசலே வைத்திருக்கின்றன. அமேசானில் ‘பிராண்ட் ரெஜிஸ்ட்ரி’ இருக்கிறது. தகுதி பெற்ற பிராண்டுகள் புகார் எழுதிக் காத்திராமல் தாங்களே போலிப் பக்கத்தை நீக்கிக்கொள்ள 2019இல் ‘பிராஜெக்ட் ஜீரோ’ என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. ஈபேயில் ‘வெரோ’ என்ற திட்டம் ரொம்ப காலமாகவே உண்டு. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, வணிகக்குறி போன்ற உரிமைகளை மீறியதற்காகப் பக்கம் நீக்கப்பட்டும் திரும்பத் திரும்ப அதையே செய்யும் விற்பனையாளர்களை அடையாளம் காணத் தளம் பதிவேடு வைக்க முயற்சி எடுக்க வேண்டும். அதே விதிகள் ஏமாந்த நுகர்வோருக்கும் உதவும்: புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

அனுப்புமுன் ஒரு பாட்டில் வாங்கிப் பார்ப்பது நல்லது. சோதனைக் கொள்முதல் என்பார்கள். வந்த பெட்டி, அதன் மேல் கூரியர் சீட்டு, பில், பாட்டில் எல்லாவற்றையும் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவைக்க வேண்டும். போலிப் பக்கம் நாளைக்கே மறைந்துவிடலாம் என்பதால் மென்பொருளும் கண்ட உடனே பக்கத்தைப் படம் பிடித்து, நேரம் குறித்து, அந்தக் கோப்புக்கு ஒரு ‘ஹேஷ்’ எண்ணையும் கணக்கிட்டுவைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தில், மின்னணுச் சான்றோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் இந்த ஹேஷ் எண்ணைக் குறிக்க இடம் இருக்கிறது. நீதிமன்றம்வரை போக நேர்ந்தால் இது கைகொடுக்கும். போலி விற்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும் வழக்குப் போடலாம். பெயர் தெரியாத எதிரிக்கு நம் நீதிமன்றங்களில் ‘அசோக் குமார்’ என்று பெயர் வைத்து உத்தரவு வாங்குவது வழக்கம். ஊரிலுள்ள உண்மையான அசோக் குமார்கள் என்ன பாவம் செய்தார்களோ.

எல்லாவற்றையும் மென்பொருளே தானாக அனுப்பட்டும் என்று விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மதுரைக் கடைக்காரர் நினைவிருக்கிறதா? தவறாக நோட்டீஸ் போனால் அவர் வியாபாரம் நாள்கணக்கில் முடங்கும். அடிப்படையில்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவர் திருப்பி வழக்குப் போட வணிகக்குறிச் சட்டத்தின் 142ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நோட்டீஸ் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமையடிக்கும் நிறுவனங்களிடம், அதில் எத்தனை தவறாகப் போனது என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

போலித் தளமும் க்யூஆரும்

சிலர் விற்பனைத் தளத்துக்கே போவதில்லை. அண்ணாச்சியின் இணையதளம் போலவே ஒன்றைக் கட்டிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சில உலாவிகளில் இணையதளத்தின் முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் வரும்; அது வர வேண்டுமானால் தளத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். வழங்கப்படும் சான்றிதழ்கள் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. மென்பொருள் அந்தப் பதிவேட்டைக் கவனித்துக்கொண்டே இருந்தால், உங்கள் பெயரை ஒத்த முகவரிக்குச் சான்றிதழ் வாங்கிய அன்றே, கடையைத் திறக்குமுன்பே தெரிந்துவிடும். பூட்டு இருந்தால் நம்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போலித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். முகவரியை மீட்க, டாட் இன் பெயர்களுக்கு அவற்றை நிர்வகிக்கும் ‘நிக்ஸி’ நடத்தும் தகராறுத் தீர்ப்பு முறையும், டாட் காம் போன்றவற்றுக்கு 1999இல் வந்த உலகப் பொது முறையும் இருக்கின்றன.

பாட்டிலிலேயே அடையாளம் வைப்பது இன்னொரு வழி. தங்க நகையில் இருக்கும் ஆறு எழுத்து-எண் கலந்த எச்யூஐடி என்ற ஹால்மார்க் அடையாளம் நமக்குப் பழக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்க்கலாம். மருந்துகளில் 300 பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூஆர் அல்லது பார்கோடு கட்டாயம். தேனுக்கும் இதைச் செய்யலாம். பாட்டிலுக்குப் பாட்டில் வேறு எண், அதுவும் ஒன்று, இரண்டு என்று வரிசையாக இல்லாமல், ஊகிக்க முடியாதபடி இருக்க வேண்டும். போலிக்காரர் ஒரு பாட்டிலை வாங்கி அதன் க்யூஆரை ஆயிரம் லேபிளில் அச்சடிக்கலாம். அப்போது ஒரே எண் காலை பத்து மணிக்கு நாசிக்கிலும், பத்தேகாலுக்குக் குவாஹாட்டியிலும் ஸ்கேன் ஆகும். மென்பொருள் உடனே மணியடிக்கும். எல்லா பாட்டிலுக்கும் ஒரே க்யூஆர் ஒட்டியிருந்தால் அது வெறும் அலங்காரம். தேன் பாட்டிலை ஸ்கேன் செய்து பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு என்பதால் நான் இதை இரண்டாம் பட்சமாகத்தான் வைப்பேன்.

கண்ணுக்கு எட்டாதவை

வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் விற்பனையை வெளியிலிருந்து எந்த மென்பொருளும் எட்டிப் பார்க்க முடியாது, செய்திகள் குழுவில் இருப்பவர்கள் மட்டுமே படிக்கும்படி மறையாக்கப்பட்டவை. பூட்டிய குழுக்களும் அப்படித்தான். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வந்தவரிடம் கடற்கரையில் கைமாறும் பாட்டிலும் இதன் கணக்கில் வராது. நீக்கிய பக்கம் வேறு பெயரில் முளைப்பதும் நிற்காது. ஆட்களை முடிச்சுப் போட்டால் முளைக்கும் வேகம் குறையும், அவ்வளவே.

ரெட் பாயிண்ட்ஸ், கோர்சர்ச் போன்ற நிறுவனங்கள் இதையெல்லாம் பெரிய அளவில் செய்துகொடுக்கின்றன. நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடைக்கோ தேன் கடைக்கோ தொடக்கத்திலேயே அது தேவைப்படாது. மருமகன் அண்ணாச்சிக்குச் செய்துகொடுத்தது இவ்வளவுதான்: பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பம். புதிய பக்கம் வந்தால் மின்னஞ்சலில் சொல்லும் கூகுள் அலர்ட்ஸில் பெயரின் ஏழெட்டு எழுத்துக்கூட்டல்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூகுள் லென்ஸில் பாட்டில் படத்தைப் போட்டுத் தேடல். கண்டதை எழுதிவைக்க ஓர் எக்செல் தாள். தானாகவே கைரேகை ஒப்பிட நாற்பது ஐம்பது வரியில் ஒரு சிறு நிரல். படம் எடுக்கும்போது பெஞ்ச் தெரியாமல் எடுக்கலாமே என்று அவன் சொன்னதற்கு அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த வெடிப்ப வச்சுல்லா நான் கண்டுபிடிச்சேன், அது கெடக்கட்டும்” என்றுவிட்டார்.

சால்வைகள் இன்னும் முழுதாக ஒழியவில்லை. போன ஞாயிறு பட்டியலிலும் சூரத்திலிருந்து இரண்டு பொன்னாடை வந்திருந்தன. விலை மலிவாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார் அண்ணாச்சி. அடுத்த மாதம் தேனீ வளர்ப்போர் கூட்டத்துக்கு ஓர் அதிகாரி வருகிறாராம்.